இனிமேல் வருபவை மட்டும்

ஜூன் 4, 2011, சனி

பிரெயில் தாள் புதுக்கட்டு வந்துவிட்டது. இனி நாட்குறிப்பை விட்டதற்குச் சாக்குச் சொல்ல முடியாது. கம்ப்யூட்டரில் அடிக்கலாம்தான். ஆனால் சட்டத்தில் தாளைச் செருகி ஊசியால் குத்தினால்தான் எனக்கு எழுதின மாதிரி இருக்கிறது.

துணி ஊறப் போட்டிருந்தபோது மதுரையிலிருந்து தமயந்தி பேசினாள். பார்வையற்றோர் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் எனக்கு அடுத்த கட்டில். இப்போது வங்கியில் இருக்கிறாள்.

"ஏட்டி ஹெப்சி, இன்னமும் ஒன் மெயில அவருதான் வாசிக்காரா?"

"ஆமா. தெனமும் ஏழரைக்கு."

"ஒனக்கு வார லெட்டர அடுத்தவங்க வாசிச்சு நீ கேட்டுக்கிட்டு இருக்க."

"அடுத்தவங்களா? புருஷன்ட்டி."

சிரித்தாள். அவள் சொல்வது தப்பில்லை. திரையில் இருப்பதைப் பேசிக்காட்டும் மென்பொருளைப் போன வருஷம் அவளேதான் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டுத் தந்தாள். மற்ற வேலைகளுக்கு நன்றாக இருக்கிறது. இந்த இலவச மெயில் பக்கத்துக்குப் போனால் மட்டும் "இணைப்பு, படம், இணைப்பு, பெயரில்லாத பொத்தான்" என்று புலம்ப ஆரம்பித்துவிடுகிறது. கடிதம் எங்கே இருக்கிறது என்று தேடுவதற்குள் கை வலித்துவிடும். சில நாள், படத்தில் கோணலாகத் தெரியும் எழுத்துகளை அடி என்று கேட்கும். அதற்கு நான் எங்கே போவது?

அந்தப் பக்கத்துக்கே போக வேண்டாம் என்கிறாள் தமயந்தி. கம்ப்யூட்டரிலேயே ஒரு மெயில் புரோகிராம் உண்டாம். முகவரியையும் பாஸ்வேர்டையும் ஒரு தடவை கொடுத்துவிட்டால், பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அதுவே போய்க் கடிதங்களை எடுத்துவந்து வரிசையாக அடுக்கிவிடுமாம். கீழ் அம்புக்குறியை அழுத்தி அழுத்திக் கேட்டால் போதும்.

பாஸ்வேர்டு எனக்குத் தெரியாது. மூன்று வருஷத்துக்கு முன் அவர்தான் எனக்குக் கணக்குத் திறந்து தந்தார். தெரிந்துகொள்ள வேண்டிய தேவை வரவில்லை.

ஜூன் 5, ஞாயிறு

கோவிலில் இன்று ஆராதனையில் வேதாகமத்தின் இரண்டாம் பாடம் அவர் வாசித்தார். பொதுப்பணித்துறை ஆபீசில் தட்டச்சர். ஆனால் குரலைக் கேட்டால் யாரும் நம்பமாட்டார்கள். மின்கட்டண ரசீதைக் கொடுத்தாலும் அழகாக வாசிப்பார்.

சாப்பிடும்போது பாஸ்வேர்டு கேட்டேன்.

"எதுக்கு?"

தமயந்தி சொன்னதைச் சொன்னேன்.

"நான்தான் வாசிக்கேனே."

"நீங்க ஆபீசுலருந்து வாரதுக்கு முன்னாலயே நானே பாத்துக்கிடலாம்லா."

"சரி. எங்கயோ எழுதி வச்சேன். பாத்துச் சொல்லுதேன்."

ஜூன் 8, புதன்

இன்னும் கிடைக்கவில்லை.

ஆஸ்பத்திரி டெலிபோன் சுவிட்ச்போர்டில் எனக்கு வேலை குறைந்துவிட்டது. ஒன்றாம் தேதியிலிருந்து வெளி அழைப்புகளுக்கு மெஷின் பதில் சொல்கிறது. "தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்." எதை அழுத்துவது என்று தெரியாமல் திணறுகிறவர்கள் மட்டும் என்னிடம் வருகிறார்கள். முந்நூறு அழைப்பு வந்த இடத்தில் இன்று நாற்பத்தொன்று. பதினொரு வருஷம் இந்த நாற்காலி. யாரையும் அனுப்ப மாட்டோம் என்று மேலாளர் அவராகவே வந்து சொல்லிவிட்டுப் போனார். நான் கேட்கவே இல்லை.

ஜூன் 9, வியாழன்

பாஸ்வேர்டு கிடைத்துவிட்டது. இங்கே எழுத மாட்டேன்.

ஜூன் 11, சனி

காலை பத்து மணிக்கு உட்கார்ந்தோம். தமயந்தி ஃபோனில், நான் கீபோர்டில். உள்வரும் கடிதங்களுக்கு ஒரு சர்வர் பெயர், வெளியே போகிறவற்றுக்கு வேறொரு பெயர், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். ஒரு புள்ளி விட்டுப் போனாலும் ஆகாது. பயனர் பெயர் என்கிற இடத்தில் முழு முகவரியையும் அடிக்க வேண்டும். நான் பாதியோடு நிறுத்தியதில் அரை மணி நேரம் போனது.

"கடைசியா ஒண்ணு. கடிதத்த எடுத்ததும் சர்வர்ல ஒரு காப்பி விட்டு வைக்கணுமான்னு கேக்கும். விடணுமா?"

"விடாட்டி என்ன ஆகும்?"

"இங்க வந்துரும், அங்க இருக்காது. ஒன் வீட்டுக்காரரு தொறந்தா காலியா கெடக்கும்."

விட்டு வைக்கச் சொல்லிக் குறியிட்டேன். அவர் ஏழரை மணிக்கு வாசிக்க ஏதாவது இருக்க வேண்டும்.

எல்லாம் முடிந்து பார்த்தால் 'அனுமதி இல்லை' என்கிறது. பாஸ்வேர்டு சரிதான். வெளிப் புரோகிராம் வந்து கடிதம் எடுக்கலாம் என்று மெயில் பக்கத்தின் அமைப்புகளில் போய் ஒரு முறை ஒப்புதல் கொடுக்க வேண்டுமாம். அதற்குக் கண் வேண்டும். சாயங்காலம் அவரையே உட்காரச் சொன்னேன். நாற்காலியின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மௌஸ் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தது.

"என்ன கேக்கு?"

"ஏதோ ரெண்டுல ஒண்ணத் தேர்ந்தெடுக்கச் சொல்லுது. போட்டுட்டேன்."

ஜூன் 12, ஞாயிறு

"புதிய செய்தி ஒன்று." தமயந்தி அனுப்பிய சோதனைக் கடிதம். 'வந்துச்சாட்டி?' என்று ஒரே வார்த்தை. ஐந்து தடவை கேட்டேன். பதிலும் நானே அடித்து அனுப்பினேன்.

ஆனால் பழைய கடிதம் ஒன்றுகூட வரவில்லை. தமயந்தியிடம் சொன்னேன்.

"அங்க ரெண்டு வழி இருக்குட்டி. மொதல்லருந்து வந்தது எல்லாமே, இல்லன்னா இனிமே வாரது மட்டும். அவரு ரெண்டாவதப் போட்டிருப்பாரு."

அவரிடம் கேட்டேன். "அறுநூறு கெடக்கு. எல்லாம் வந்தா கம்ப்யூட்டரு நின்னு போகும்" என்றார். சரிதான். தன்னுடையதில் நாலாயிரம் வந்தது, நிற்கவில்லை என்கிறாள் தமயந்தி. அவள் எதையும் கூட்டித்தான் சொல்வாள்.

ஜூன் 18, சனி

ஏழரை மணிக்கு அவர் வழக்கம்போல வாசிக்கிறார். அவர் வருவதற்கு முன்பே நான் கேட்டுவிட்ட கடிதங்கள்தான். புதிதாகக் கேட்பதுபோல "அப்படியா" என்கிறேன். இரண்டு பேருக்கும் அதில் நஷ்டமில்லை.

தேங்காய்த் துருவியில் கை வெட்டிக்கொண்டேன். இடது ஆள்காட்டி விரல். வாசிக்கிற விரல் இல்லை.

ஜூன் 27, திங்கள்

இன்று ஆஸ்பத்திரிக்கு விடுப்பு. வெண்டைக்காய் வாங்கினேன், முற்றல். ஏமாற்றிவிட்டான்.

பதினொன்றரைக்கு ஒரு கடிதம் வந்தது. சென்னையில் இருக்கிற பிரெயில் அச்சகத்திலிருந்து. பள்ளிப் பாடநூல்களைப் பிரெயிலில் அச்சிடுகிறவர்கள். அங்கே பிழை திருத்துநர் வேலைக்கு நான் மனுப் போட்டிருந்தேன். போன நவம்பரில் அவரும் நானும் போய்த் தேர்வு எழுதிவிட்டு வந்தோம். பதில் வரவில்லை. வந்தால் நான் வாசிக்க மாட்டேனா என்று அவர் இரண்டு தடவை சொன்னார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

கடிதத்தை எழுதியிருப்பவர் அச்சகத்தின் பொறுப்பாளர் பிரேமாவதி அம்மாள். கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

"அன்புள்ள ஹெப்சிபா, பிப்ரவரியில் நீங்கள் எழுதியதை மதித்து வேறொருவரை எடுத்துக்கொண்டோம். அவர் இந்த மாதத்தோடு போகிறார். தேர்வுத் தாளில் எங்கள் ஆட்கள் நான்கு பேரும் கவனிக்காமல் விட்ட ஏழு பிழைகளை நீங்கள் பிடித்தீர்கள். அதனால்தான் மறுபடியும் கேட்கிறேன். உங்கள் குடும்பச் சூழ்நிலை இப்போது மாறியிருந்தால் ஜூலை 15க்குள் தெரிவியுங்கள். மாறவில்லை என்றாலும் ஒரு வரி எழுதுங்கள்."

கடிதம் முடிந்தது என்று நினைத்தேன். மென்பொருள் நிற்கவில்லை. "கிரேட்டர்" என்றது. பதில் எழுதினால், எந்தக் கடிதத்துக்குப் பதிலோ அந்தக் கடிதமும் அடியில் ஒட்டிக்கொண்டு வரும், ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அம்புமுனை மாதிரி ஒரு குறி இருக்கும், அதைத்தான் 'கிரேட்டர்' என்று வாசிக்கும் என்று தமயந்தி சொல்லியிருக்கிறாள்.

"கிரேட்டர். மதிப்பிற்குரிய அம்மையீர். கிரேட்டர். தங்களது பணி நியமனக் கடிதம் கிடைக்கப்பெற்றேன். கிரேட்டர். குடும்பச் சூழ்நிலை காரணமாக மேற்படி பணியில் சேர இயலாமையைப் பணிந்து தெரிவித்துக் கொள்கிறேன். கிரேட்டர். இங்ஙனம், தங்கள் உண்மையுள்ள, த. ஹெப்சிபா."

'மேற்படி' என்றோ 'இங்ஙனம்' என்றோ நான் பிறந்ததிலிருந்து எழுதியது கிடையாது. அவருடைய ஆபீசில் ஒரு நாளைக்கு இருபது தாளில் அடிக்கிறார்கள்.

வெண்டைக்காயை வதக்கிப் புளிக்குழம்பு வைத்தேன்.

ஏழரைக்கு அவர் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு கிளிக். பிறகு மௌஸின் சக்கரம் மெதுவாக உருண்டது, நின்றது, மறுபடி உருண்டது. மேலேயிருந்து கீழே வரை போய்த் திரும்ப மேலே வந்தது என்று நினைக்கிறேன்.

"இன்னைக்கு ஒனக்கு ஏதும் வந்துச்சா?" என்று கேட்டார்.

"வெளம்பரந்தான்."

"ஆமா. வெளம்பரந்தான்."

ஜூன் 28, செவ்வாய்

குழம்பில் நேற்று உப்பே இல்லையாம். பக்கத்து வீட்டுக்குக் கொடுத்த கிண்ணம் திரும்பி வந்தபோது அந்த அம்மா சொன்னாள். அவர் சொல்லவில்லை.

ஜூன் 30, வியாழன்

அழைப்புகள் முப்பத்தாறு.

ஜூலை 2, சனி

எலும்பு டாக்டரிடம் வருஷாந்திரச் சோதனை. காலில் வைத்த கம்பி அப்படியே இருக்கட்டும், எடுக்க வேண்டாம் என்றார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தமயந்தியின் புதுவீட்டுப் பால்காய்ப்புக்குத் தனியாகப் போய்விட்டு ரயிலில் திரும்பினேன். திருநெல்வேலி ஜங்ஷனில் இவர் காத்திருக்க வேண்டும். வண்டி கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டது; இவர் டீ குடிக்கப் போயிருந்தார். நான் தப்பான பக்கம் நடந்து, அடுத்த தண்டவாளத்தில் விழுந்தேன். அந்தப் பக்கம் வண்டி இல்லை. கால் மட்டும்தான் ஒடிந்தது. ஒரு வருஷத்தில் நான் பழையபடி நடந்துவிட்டேன்.

அவர் அதற்குப் பிறகு டீ குடிப்பதில்லை. அல்சர் என்கிறார்.

ஜூலை 3, ஞாயிறு

பாடம் வாசிக்கும் முறை அவருடையது. தொண்டை கட்டியிருக்கிறது என்று வேறொருவரை வாசிக்கச் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து பேப்பரை நன்றாகத்தான் வாசித்தார்.

ஜூலை 6, புதன்

தமயந்தி கூப்பிட்டாள். மெயில் எல்லாம் ஒழுங்காக வருகிறதா என்று கேட்டாள். வருகிறது என்றேன்.

தினமும் ஏழரைக்கு அவர் உட்காருகிறார். அந்தக் கடிதம் அங்கேயும் இருக்கிறது, இங்கேயும் இருக்கிறது. இரண்டு பேரும் அதை விட்டுவிட்டு மற்றதைப் பேசுகிறோம். நேற்று ஒரு ஜவுளிக்கடை விளம்பரத்தைக் கடைசி வரி வரை வாசித்தார்.

ஜூலை 9, சனி

இன்று சொல்லிவிட்டேன். சொன்னது நான் இல்லை, கம்ப்யூட்டர்.

மத்தியானம் அவர் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நான் காதில் மாட்டுகிற ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரைச் செருகினேன். பிரேமாவதி அம்மாளின் கடிதத்தைத் திறந்தேன். மென்பொருளுக்கு ஏற்ற இறக்கம் கிடையாது. "உங்கள் குடும்பச் சூழ்நிலை இப்போது மாறியிருந்தால்" என்று அது சொன்னபோது வெங்காயத் தோல் சத்தம் நின்றது. "கிரேட்டர். மதிப்பிற்குரிய அம்மையீர்" என்றதும் "நிறுத்து ஹெப்சி" என்றார். நான் நிறுத்தவில்லை. 'த. ஹெப்சிபா' வரைக்கும் வாசிக்கவிட்டேன்.

"எப்பத் தெரியும்?"

"வந்த அன்னைக்கே."

"எனக்கும் தெரியும், ஒனக்குத் தெரியும்னு."

"அப்போ ஏன் சொல்லல?"

"அங்க ஹாஸ்டல்லருந்து அச்சகத்துக்கு ரோட்டத் தாண்டணும்" என்றார்.

"தாண்டிக்கிடுவேன்."

"அன்னைக்கு அஞ்சே நிமிஷம். அஞ்சு நிமிஷந்தான் நான் இல்ல."

"கால் என்னுதுங்க. நானே அத மறந்துட்டேன். நீங்கதான் இன்னும் அந்தப் பிளாட்பாரத்துலயே நிக்கீங்க."

நான் சத்தம் போடவில்லை. அவரும் போடவில்லை. "என் பேர்ல எழுதுனீங்க" என்றேன். "வேண்டாம்னு சொல்லிருந்தா சண்ட போட்டிருப்பேன். ரெண்டு நாள் பேசாம இருந்திருப்பேன். அதுக்கு எனக்கு வழி இல்லாமப் பண்ணிட்டீங்க."

அவர் வெங்காயத் தட்டைத் தள்ளி வைத்தார். "நீ போயிட்டா, நான் யாருக்கு வாசிக்க?"

வெங்காயத்தை நானே எடுத்து உரித்து முடித்தேன்.

ஜூலை 10, ஞாயிறு

கோவிலுக்குப் போகவில்லை. காலையில் நான் கம்ப்யூட்டரைப் போட்டதும் மென்பொருள் எண்ண ஆரம்பித்தது. "புதிய செய்திகள் ஐம்பது. புதிய செய்திகள் நூற்றிருபது." நான் எழுவதற்கு முன்பே அவர் மெயில் பக்கத்துக்குப் போய் அந்த இரண்டு வழியில் முதலாவதுக்கு, வந்தது எல்லாமே என்பதற்கு, மாற்றிப் போட்டிருக்கிறார். மூன்று வருஷத்துக் கடிதங்களும், என் பெயரில் போனவையும் சேர்ந்து அறுநூற்றுப் பதின்மூன்று வந்தன. கம்ப்யூட்டர் நின்று போகவில்லை.

சாயங்காலம் வரை கேட்டேன். எனக்கு வாசிக்காமல் விட்டவை நான் பயந்த அளவுக்கு இல்லை. பள்ளித் தோழிகளின் சந்திப்புக்கு இரண்டு அழைப்பு, கன்னியாகுமரி, ஏற்காடு. இரண்டும் தொலைவு. ஜனவரியில் வந்த நியமனக் கடிதம்.

அதற்கும் மறுப்புக்கும் நடுவில் இன்னொன்று இருந்தது. ஜனவரி 21, என் பெயரில், பிரேமாவதி அம்மாளுக்கு. பதினொரு கேள்விகள். ஹாஸ்டல் எந்த மாடி? படிக்கட்டுக்குக் கைப்பிடி உண்டா? வழியில் ரோடு எத்தனை? சிக்னல் இருக்கிறதா? மழையில் தண்ணீர் தேங்குமா? மூடாத சாக்கடை உண்டா? கூட நடக்க யாராவது இருப்பார்களா? அந்த அம்மா பொறுமையாக எல்லாவற்றுக்கும் பதில் எழுதியிருக்கிறார். ரோடு ஒன்று. சிக்னல் இல்லை. அதற்குப் பத்து நாள் கழித்துத்தான் மறுப்பு போயிருக்கிறது. அந்தப் பத்து நாளும் தினமும் ஏழரைக்கு எனக்கு வேறு கடிதங்களை வாசித்திருக்கிறார்.

இதையும் எழுதி வைக்க வேண்டும். எதையாவது தாண்டிப் போகும்போது அவர் ஒரு மூச்சு எடுப்பார். வேறு எங்கும் அப்படி எடுப்பதில்லை. அந்த மூச்சு எனக்கு ரொம்ப நாளாகத் தெரியும். ஜனவரியிலும் அதைக் கேட்டேன். ஒரு நாளும் 'என்னத்த விட்டீங்க' என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் சென்னைக்குப் போவதா வேண்டாமா என்று நான் முடிவு பண்ண வேண்டியிருந்திருக்கும்.

ஜூலை 11, திங்கள்

பிரேமாவதி அம்மாளுக்கு எழுதினேன்.

"ஆகஸ்ட் ஒன்றாம் தேதி வந்து சேருகிறேன். முதல் ஆறு மாதம் பார்க்கலாம். பிப்ரவரியில் வந்த கடிதம் நான் எழுதியதில்லை. ஆனால் அதைப் பற்றி நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். ஹெப்சிபா."

அனுப்புவதற்கு முன் அவரைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "தேதிய எண்ணுல போடு, தெளிவா இருக்கும்" என்றார். போட்டேன்.

பிறகு பாஸ்வேர்டை மாற்ற வேண்டும், பக்கத்தைத் திறந்து தாருங்கள் என்றேன். திறந்துவிட்டு எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். நானே அடித்தேன்.

ஜூலை 15, வெள்ளி

நான்கு நாளாகத் தேவைக்கு மட்டும் பேச்சு. ஏழரைக்கு டிவியில் செய்தி போடுகிறார். சத்தம் அதிகம்.

ஜூலை 19, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் ராஜினாமா கொடுத்தேன். மேலாளர் வருத்தம் என்றார். அடுத்த நிமிடமே நாற்காலியை எங்கே போடுவது என்று யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தார்.

ஜூலை 24, ஞாயிறு

தனக்கு ஒரு மெயில் கணக்கு வேண்டும் என்றார். இத்தனை நாளும் அவருக்கென்று ஒன்று இருந்ததில்லை, என்னுடையதுதான். நான் சொல்லச் சொல்ல அவர் திறந்தார். பாஸ்வேர்டு போடும் இடம் வந்ததும் நான் எழுந்து கொடித் துணியை எடுக்கப் போனேன்.

ஜூலை 31, ஞாயிறு

சென்னை. ஹாஸ்டல் தரைத்தளம், படிக்கட்டு இல்லை. கூட வந்தார். அச்சகத்துக்கும் ஹாஸ்டலுக்கும் நடுவில் என்னை நான்கு தடவை நடக்க வைத்தார். ஐந்தாவது தடவை தான் வரவில்லை, எதிர்ப்பக்கம் நிற்கிறேன் என்றார். ரோட்டைத் தாண்டினேன். சாயங்கால வண்டிக்கு அவர் கிளம்பிவிட்டார்.

ஆகஸ்ட் 9, செவ்வாய்

ஏழாம் வகுப்பு அறிவியல். ஒரு பக்கத்தில் பன்னிரண்டு பிழை. பிரேமாவதி அம்மாளுக்குச் சந்தோஷம். அச்சிட்டவருக்கு இல்லை.

ஆகஸ்ட் 14, ஞாயிறு

அறையில் இன்னொரு கட்டில் காலியாக இருக்கிறது. யாராவது வருவார்கள் என்றார்கள். வராவிட்டாலும் பரவாயில்லை. இன்று பூராவும் யாரோடும் பேசவில்லை என்பது படுக்கப் போகும்போதுதான் நினைவுக்கு வந்தது. குறை ஒன்றும் தெரியவில்லை.

ஆகஸ்ட் 20, சனி

தினமும் ஃபோனில் பேசுகிறோம். சாப்பிட்டாயா, ரோடு எப்படி இருக்கிறது, அவ்வளவுதான். இன்று ஹாஸ்டல் கம்ப்யூட்டரில் முதல் தடவையாக அவரிடமிருந்து மெயில்.

"ஹெப்சி, சென்னைக்கு மாற்றல் கேட்டு ஒரு மனு எழுதியிருக்கிறேன். கீழே இருக்கிறது, வாசித்துப் பார். ஆபீசில் இன்னும் கொடுக்கவில்லை. நான் அங்கே வருவது உனக்குப் பிடிக்குமா என்று எனக்குத் தெரியாது. உன்னைக் கேட்காமல் கொடுக்க மாட்டேன். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுது. வருத்தப்பட மாட்டேன் என்று சொல்ல முடியாது, ஆனால் கொடுக்க மாட்டேன்."

கீழே மனு. அதில் எழுத்துப்பிழை இல்லை.

பதில் எழுத உட்கார்ந்தேன். வாருங்கள் என்று எழுதினால் பொய்யில்லை. வர வேண்டாம் என்று எழுதினாலும் பொய்யில்லை. இரண்டையும் அடித்துப் பார்த்து அழித்தேன். ஒரு மணி நேரம் கழித்து இதை அனுப்பினேன்.

"மனுவை வாசித்தேன். இப்போது கொடுக்க வேண்டாம். ஆறு மாதம் முடியட்டும், பிறகு நானே சொல்கிறேன். அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை வந்து ஞாயிறும் இருந்துவிட்டுப் போங்கள்."

அனுப்பிவிட்டுத் துணி துவைக்கப் போனேன். நனைத்த கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது பதில் வந்திருந்தது. ஒரே வார்த்தை. "சரி."

மென்பொருள் எல்லாவற்றையும் வாசிப்பதுபோலத்தான் அதையும் வாசித்தது. இன்னொரு தடவை வாசிக்க வைத்தேன்.